அவர் பெயர் மூன்றிலும் வர வேண்டும்

அன்புள்ள எஸ்தருக்கு,

உங்கள் இதழியல் துறையின் மாணவர் இதழ் கடைசியாக ஒரு முறை உன் பொறுப்பில் வரப்போகிறது. பெற்றோர் ஒருவர் பிள்ளைக்கு எழுதும் கடிதம் அதில் வேண்டும், மற்ற வீடுகளில் எல்லாரும் கையை விரித்துவிட்டார்கள், நீங்களாவது எழுதுங்கள் என்று கேட்டாய். அது அச்சான மறுவாரம் நீ சென்னைக்கு வேலைக்குப் போகிறாய். வேளாவேளைக்குச் சாப்பிடு, போனை அணைத்து வைக்காதே என்பதையெல்லாம் உன் அம்மா சொல்லிக்கொள்வாள். நான் எழுதப்போவது ஒரு மனிதரைப் பழிவாங்குவது பற்றி. வகுப்பெடுத்த பழக்கம் விடவில்லை, முதலில் தலைப்புகளை எண் போட்டு எழுதிவிடுகிறேன். எழுதி வைக்காவிட்டால் பாதியில் எனக்கே தைரியம் போய்விடும்.

1. வேலாயுதம் என்ன செய்தார் என்பது.
2. நான் எழுதி அனுப்பிய செய்தியில் குறையில்லை. முக்கியமான வரியை வெட்டியவர் அவர் என்பது.
3. அச்சில் அவர் பெயரை எங்கே வைக்க வேண்டும் என்பது.
4. காணொளியில் அவரை எப்படிக் காட்ட வேண்டும் என்பது.
5. இணையத்தில் அவர் செய்ததை எப்படி அழியாமல் வைக்க வேண்டும் என்பது.

போன வருடம் ஒரு நாள் கல்லூரியிலிருந்து வந்து, தோளிலிருந்து பையைக்கூட இறக்காமல், "அப்பா, இன்னைக்கு ராஜபாளையத்துல இருந்து ஒருத்தர் வந்து பேசினார், செம! செய்தியில நேர்மைன்னு ஒரு மணி நேரம்" என்று சொல்லி, போனில் அவரோடு நீ எடுத்துக்கொண்ட படத்தை நீட்டினாய். சந்தன நிறச் சட்டை, கழுத்தில் உங்கள் துறை போட்ட பொன்னாடை. வேலாயுதம். அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த உன் அம்மா, "ஏட்டி, அதை உள்ள வை. அப்பாகிட்ட காட்டாத" என்றாள். "ஏம்மா?" என்று நீ கேட்டாய். அம்மா அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். நான் சொன்னேன். நீ பிறப்பதற்கு நான்கைந்து வருடம் முன்னால் நடந்ததை அன்றுதான் முதன்முதலாக உன்னிடம் சொன்னேன். இந்த இதழைப் படிக்கிறவர்களுக்காக மறுபடி சொல்கிறேன். மனதுக்குள் அவரை 'அவன்' என்றுதான் இத்தனை காலமும் சொல்லிவந்திருக்கிறேன். எழுத உட்கார்ந்தால் 'அவர்' என்றே வருகிறது. நான் எப்படிப்பட்டவன் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் உதவி பெறும் பள்ளி ஒன்றில் வரலாறு நடத்திக்கொண்டே, ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராக இருந்தேன். செய்தியைக் கார்பன் வைத்து எழுதி, ஒரு பிரதியை வீட்டில் வைத்துக்கொண்டு, மற்றதைக் கவரில் போட்டுப் பேருந்தில் கொடுத்துவிட வேண்டும். பத்திரிகை அலுவலகம் மதுரையில், எங்களுக்கு வடக்கே. ஆனால் என் கவர் முதலில் தெற்கே ராஜபாளையத்துக்குத்தான் போகும். இந்த வட்டாரத்துக்கே வேலாயுதம் பொறுப்பு. எங்கள் எல்லாருடைய கவரையும் அவர் பிரித்து, திருத்தி, ஒரே கட்டாக்கி மதுரைப் பேருந்தில் ஏற்றுவார். அந்தப் பேருந்து திரும்பவும் ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக வரும். நான் பேருந்து நிலையத்தில் டீ குடித்துக்கொண்டே டிரைவருக்குப் பின்னால் சொருகியிருக்கும் அந்தக் கட்டைப் பார்ப்பேன். என் செய்தி என் முன்னாலேயே போகும். உள்ளே அது என்ன ஆகியிருக்கிறது என்று பிரித்துப் பார்க்க எனக்கு உரிமை இல்லை. நீங்கள் இப்போது நாலு பேர் ஒரே கோப்பைத் திறந்து, யார் எந்தச் சொல்லை மாற்றினார்கள் என்று நிறம் நிறமாகப் பார்க்கிறீர்கள். அதை முதல் முறை நீ எனக்குக் காட்டியபோது நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

இரண்டு ஊருக்கும் நடுவில், என் எல்லைக்குள், பேண்டேஜ் துணி வெளுக்கும் ஆலை ஒன்று இருந்தது. தளவாய்புரத்திலிருந்து ஆலை வேனில் வேலைக்கு வந்துபோன சுப்புத்தாய் என்ற பெண், கொதிக்கும் காரத் தண்ணீர்த் தொட்டிக்குள் வழுக்கி விழுந்துவிட்டாள். நான் அரசு மருத்துவமனைக்குப் போனேன். வராந்தாவில் அவள் கணவர் அய்யனார் நின்றிருந்தார். கூடவே ஆறு வயதுப் பெண் குழந்தை. அய்யனார் சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் காட்டினார். ஆலை முத்திரை குத்திய வருகை அட்டை. அந்த வாரம் முழுக்க, விழுந்த நாள் உட்பட, ஊதா மையில் குறியிட்டிருந்தது. "எதுக்கும் பாத்து வச்சுக்கோங்க சார். வேலைக்கே வரலன்னு சொன்னாலும் சொல்லுவாக" என்றார். நான் கையில் வாங்கிப் பார்த்து, என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து செய்தி எழுதினேன். கவரைப் பேருந்தில் கொடுத்தேன். மறுநாள் சுப்புத்தாய் இறந்துபோனாள். அதே நாள் காலையில் செய்தி வந்தது.

என் பெயர் போட்டு வந்தது. பகுதிநேர நிருபர் பெயரைப் பத்திரிகையில் போடுகிற வழக்கமே கிடையாது, எஸ்தர். எட்டு வருடமாக எழுதியும் என் பெயர் ஒரு முறைகூட வந்ததில்லை. பேருந்து நிலையக் கடையில் தாளைப் பிரித்ததும் என் பெயரைப் பார்த்தேன். அதற்குக் கீழே எதையும் பார்க்கவில்லை. ஆறு பிரதி வாங்கிக்கொண்டு நேரே பள்ளிக்கு ஓடினேன். தலைமையாசிரியர், "என்ன சார், பேரெல்லாம் போட்டு வருதே! கொண்டாங்க, எல்லாருக்கும் வாசிப்போம்" என்று வாங்கி ஆசிரியர் அறையில் உரக்க வாசித்தார். நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு நின்றேன். 'ஆலையை வேடிக்கை பார்க்க வந்த பெண் தொட்டியில் தவறி விழுந்தார்' என்று அவர் வாசித்தபோதுதான், என் பெயரில் வந்த செய்தி எனக்கே தெரிந்தது. ஆசிரியர்கள் கைதட்டினார்கள். நானும் சிரித்தேன்.

நாலு நாள் கழித்து அய்யனார் அந்தத் தாளைச் சுருட்டிக்கொண்டு பள்ளி வாசலுக்கு வந்தார்.

"அட்டையக் காட்டுனேன்ல சார் உங்ககிட்ட? கையில வாங்கிப் பாத்தியள்ல?"

"பார்த்தேன்."

"பொறவு எப்படி சார் வேடிக்கை பாக்கப் போனான்னு எழுத மனசு வந்துச்சு?"

"நான் அப்படி எழுதலைய்யா. மேல மாத்திட்டாங்க."

"அப்ப அதையே ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க. கணக்கு முடிக்கணும்னு சொல்லி அட்டைய ஆலைல வாங்கிட்டாக, திருப்பித் தரல. அதைக் கண்ணால பாத்த வெளி ஆளு நீங்க ஒருத்தர்தான்."

"பார்க்கிறேன்" என்றேன். பார்க்கவே இல்லை. எங்கள் பள்ளித் தாளாளரும் அந்த ஆலை முதலாளியும் சம்பந்திகள். அய்யனார் நஷ்டஈடு கேட்டுப் போட்ட வழக்கில் ஆலைத் தரப்பு என் பெயர் போட்ட அந்தச் செய்தியை வெட்டி ஒட்டிச் சான்றாகக் கொடுத்தது. அவர் தோற்றார். வேலாயுதத்தை ஒரே ஒரு தடவை, ராஜபாளையம் பேருந்து நிலையத்தில் நிறுத்தி, "ஏன் இப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டேன். அவர் என் தோளைத் தட்டி, "பேரு போட்டாச்சுல்ல வாத்தியாரே, பொறவென்ன? எம்புட்டு நாளா ஆசைப்பட்டிய!" என்றார். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் கேட்கிறது. அதற்குப் பிறகு நான் எந்தப் பத்திரிகைக்கும் ஒரு வரி எழுதவில்லை.

இரண்டாவது, நான் எழுதி அனுப்பியது. வேலாயுதம் இப்போது ராஜபாளையத்தில் கைப்பேசியில் பார்க்கிற செய்திச் சேனல் நடத்துகிறார். அதை ஒரு நாள் விடாமல் பார்க்கிறேன் என்பது உன் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. அவர் விடுகிற தவறுகளுக்கென்று தனி நோட்டு வைத்திருக்கிறேன். கான்சாபுரத்தில் நடந்ததை வேறு ஊரில் நடந்ததாகச் சொன்னது, பிளவக்கல் அணை திறந்த அன்று பழைய வருடத்துப் படத்தைப் போட்டது, எல்லாம் தேதிவாரியாக இருக்கிறது. தினமும் காலையில் அவருடைய காணொளிக்குக் கீழே கவிழ்ந்த கட்டைவிரலை அழுத்திவிட்டுத்தான் பல் தேய்க்கிறேன். இத்தனை வருடத்தில் என்னால் முடிந்த பழிவாங்கல் இவ்வளவுதான். ஆனால் ஒரு விஷயத்தில் எனக்குக் குற்ற உணர்வு கிடையாது. அட்டையைப் பற்றி நான் எழுதியிருந்தேன். 'அந்த வாரம் முழுவதும் பணிக்கு வந்ததற்கான ஆலை முத்திரையிட்ட அட்டையை அவரது கணவர் காட்டினார்' என்ற வரி. அதை வெட்டிவிட்டுத்தான் அவர் 'வேடிக்கை' என்ற சொல்லை வைத்தார். கல்யாணத்துக்கு முன் உன் அம்மாவைப் பார்க்கப் போனபோது, நான் ஏன் எழுதுவதை நிறுத்தினேன் என்று அவள் அண்ணன் கேட்டதற்கும் இந்த வரியைத்தான் சொன்னேன். உன்னிடமும் சொல்லுக்குச் சொல் அப்படியே சொன்னேன். அய்யனாருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதது என் கோழைத்தனம், ஒத்துக்கொள்கிறேன். எழுதியதில் மட்டும் கோழைத்தனம் இல்லை.

மூன்றாவது, அச்சு. இறுதிப் பருவத்தில் உங்களுக்கு ஒரு பணி கொடுத்தார்கள்: ஒரே செய்தியை அச்சுக்கும் தொலைக்காட்சிக்கும் இணையத்துக்கும் மூன்று விதமாகச் செய்ய வேண்டும். மற்ற பிள்ளைகள் பேருந்து நிலையக் கழிப்பறை, நூலகத்தில் இருக்கை இல்லை என்று எடுத்தபோது, நான்தான் உன்னைச் சுப்புத்தாய் செய்திக்குள் தள்ளினேன். தயங்கினாய், "உங்க சண்டைய நான் போடுற மாதிரி இருக்கும்பா" என்றாய். "சண்டை இல்லை, செய்தி" என்றேன். பொய் சொன்னேன். எனக்குச் சண்டைதான் வேண்டும். மூன்று இடத்திலும் அவர் பெயர் வர வேண்டும். அச்சில் வந்தால் அவருடைய வயதுக்காரர்கள் படிப்பார்கள், காணொளியில் வந்தால் அவர் பேரப்பிள்ளைகள் பார்ப்பார்கள், இணையத்தில் வந்தால் அவருக்குப் பொன்னாடை போட அழைக்கப்போகிற ஒவ்வொரு கல்லூரியும் முதலில் அதைத்தான் பார்க்கும். இரவும் பகலும் இப்படித்தான் கணக்குப் போட்டேன்.

நீயும் உன் தோழி செல்வியும் கேமராவோடு தளவாய்புரம் போனீர்கள். அய்யனார் இப்போது இல்லை. வராந்தாவில் நின்ற அந்தக் குழந்தை காளீஸ்வரி வளர்ந்து, வீட்டிலேயே நாலு மெஷின் போட்டு நைட்டி தைக்கிறாள். அவள் பேசியதை நீ எனக்குப் போட்டுக் காட்டினாய். "எங்க வீட்டுக்கு இந்த ஊருல என்ன பேரு தெரியுமா தங்கச்சி? வேடிக்கை வீடு. பள்ளிக்கூடத்துல என்னைய 'வேடிக்கை மக'ம்பாக. தெருவுல எவனாச்சும் சண்டை போட்டா, 'ஏட்டி, போய் வேடிக்கை பாரு, உங்கம்மாளுக்குப் பழக்கந்தானே'ம்பாக. எங்கம்மா வேலைக்குத்தான் போனா. கை காச்சுப் போயிருக்கும். அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு." தையல் மெஷின் சத்தம் பின்னால் ஓடிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்தச் சொல்லாமல் விட்டீர்களே, நல்ல காரியம்.

அன்று நீ அச்சுக்கு எழுதியதை என்னிடம் கொடுத்தாய். முதல் வரியில் வேலாயுதம் இல்லை. மூன்றாவது பத்தியில் இருந்தார், அதுவும் 'அப்போதைய வட்டாரப் பொறுப்பாளர்' என்று. நான் சிவப்பு மையால் அம்புக்குறி போட்டு அவரை முதல் வரிக்குக் கொண்டுவந்தேன். நீ தாளைத் திரும்ப வாங்கிப் பார்த்துவிட்டு, "அப்பா, ஒரு பொம்பளை வேலை பாத்த இடத்துல செத்தா. வேலையே பாக்கலைன்னு எழுதுனாங்க. அதுதான் செய்தி. இவர் அதுக்குள்ள வருவார், அதுக்கு முன்னால வரமாட்டார்" என்றாய். எனக்குக் கோபம். ஆனாலும் அம்புக்குறியை நானே அடித்துவிட்டேன். சென்னையில் உன் மேலதிகாரிகளும் இப்படி யாரையாவது முதல் வரிக்கு இழுக்கச் சொல்வார்கள். அவர்களிடமும் இதே குரலில் பேசு. என்னிடம் பேச முடிந்த உனக்கு அவர்கள் பெரிதில்லை.

நான்காவது, காணொளி. அதற்கு நானே சாட்சியாக வந்தேன். தேய்த்த சட்டை போட்டு, சொல்ல வேண்டியதை நாலு பக்கம் எழுதிவைத்து, நம் வீட்டுப் புத்தக அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்தேன். செல்வி என் காலரில் சின்ன மைக்கை மாட்டிவிட்டு, "அங்கிள், தாளைக் கீழே வைங்க, என்னைப் பாத்துப் பேசுங்க" என்றாள். தாளைக் கீழே வைத்தவுடன் எனக்கு வேலாயுதம் என்ற பெயர் தவிர எல்லாம் மறந்துவிட்டது. "மூச்சு விடுங்க அங்கிள், வகுப்புல பேசுற மாதிரி" என்றாள். "வகுப்பில் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் தூங்குவார்கள், பயம் இருக்காது" என்றேன். "நாங்க வேணா கண்ண மூடிக்கிடுதோம்" என்றாள் அவள். பிறகு வந்துவிட்டது. பதினோரு நிமிடம் பேசினேன். பேருந்து, கவர், ஆசிரியர் அறை, தோளைத் தட்டியது, பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தது எல்லாம் சொன்னேன். பேசி முடித்தபோது வேலாயுதத்தின் கழுத்தைப் பிடித்த மாதிரி இருந்தது.

தொண்ணூறு நொடிக் காணொளியில் எனக்கு நீ கொடுத்தது பத்தொன்பது நொடி. அதிலும் சிரித்தவர்கள் இல்லை, தோளைத் தட்டியது இல்லை. 'அட்டையைப் பார்த்தேன். எழுதினேன். அந்த வரியை வெட்டிவிட்டார்' என்பது மட்டும் இருந்தது. "நீயும் என் செய்தியை வெட்டிவிட்டாயே, அவருக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்?" என்று உன்னைக் கேட்டேன். அது பெரிய சொல், சொல்லியிருக்கக் கூடாது. உன் முகம் சிறுத்துப்போனது. ஆனாலும் மடிக்கணினியைத் திருப்பி, முழுப் பதினோரு நிமிடமும் வெட்டாமல் பத்திரமாக இருக்கிறது என்று காட்டினாய். "எப்ப வேணும்னாலும் யாரும் கேட்டா இதைக் காட்டலாம்பா. அவர் உங்க தாளைக் காட்டியிருப்பாரா?" என்றாய். உன் அம்மாதான், "பத்தொம்பது நொடியில நல்லாத்தான் இருக்கீக. பதினோரு நிமிசம்னா நானே எந்திரிச்சுப் போயிருவேன்" என்று சொல்லி நம்மைச் சாப்பிட அழைத்தாள்.

ஐந்தாவது, இணையம். இதுதான் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஏனென்றால் காகிதத்தில் வந்தது மறுநாள் பொட்டலம் மடிக்கப் போய்விடும். என் பெயரில் வந்த பொய்கூட அப்படிப் போயிருக்கும், அந்த வழக்கு மட்டும் இல்லாதிருந்தால். இணையத்தில் போட்டால் கிடக்கும். அவர் பெயரைத் தட்டினால் வரும். நீ வேறு காரணத்துக்காக இணையத்தை விரும்பினாய். தவறு வந்தால் அதே பக்கத்தில், இன்ன தேதியில் இன்னது திருத்தப்பட்டது என்று போட முடியும் என்றாய். ஆதாரத்தைச் செய்திக்குக் கீழேயே வைக்க முடியும், படிக்கிறவர்கள் தாங்களே பார்த்துக்கொள்ளட்டும் என்றாய். அப்படிச் சொல்லிவிட்டு, "அந்தக் கார்பன் காப்பி இருக்குல்லப்பா? ஸ்கேன் பண்ணணும்" என்று கேட்டாய். "கட்டுக்குள்ள எங்கயோ இருக்கு, தேடணும்" என்றேன். நான் எதையும் தேட வேண்டியவன் இல்லை. வருடவாரியாக நூல் கட்டி, மேலே அட்டையில் எழுதி வைத்திருப்பவன். எந்தக் கட்டில் எத்தனையாவது தாள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மூன்று முறை நீ கேட்டும், தேடணும் என்றே சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அப்போது நான் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

இந்தக் கடிதத்தை இதுவரைக்கும் போன வாரமே எழுதி முடித்திருந்தேன். கடைசிப் பத்தியில் வேலாயுதத்துக்கு நேராக நாலு வரி எழுதி முடிப்பதாக இருந்தேன். நல்ல வரிகள், மனதுக்குள் வருடக்கணக்காகத் தீட்டியவை. நேற்று மாலை நீ ராஜபாளையத்திலிருந்து வந்தாய். எங்கே போயிருந்தாய் என்று நான் கேட்பதற்கு முன்னால், "வேலாயுதம் சாரைப் பாத்துட்டு வாரேன்" என்றாய். "அவரிடம் எதற்குக் கேட்க வேண்டும்? அவர் சுப்புத்தாய் வீட்டில் கேட்டாரா?" என்று கத்தினேன். உன்னிடம் நான் கத்தியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். நீ சாப்பாட்டு மேஜையில் போனைச் சாய்த்துவைத்து ஓடவிட்டாய்.

அவர் அதே மாதிரி சந்தன நிறச் சட்டையில், தன் சேனலின் பெயர்ப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். "உங்கப்பா நல்ல மனுசம்மா. பயந்த மனுசன். ஆனா அவரு அனுப்புன காப்பில அட்டையும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. எதுக்குப் போனாங்கன்னு தெரியலைன்னுதான் எழுதியிருந்தாரு. நான் ஆலைக்குப் போன் போட்டேன். வேடிக்கை பாக்க வந்தாங்கன்னாக. போட்டேன். அட்டை இருக்குன்னு ஒரு வரி இருந்திருந்தா நான் ஏன் ஆலைகிட்ட கேக்கப்போறேன்?" என்றார்.

உன் குரல் கேட்டது. "அந்தக் குடும்பத்துல கேட்டீங்களா சார்?"

"அந்தக் காலத்துல அவுககிட்டல்லாம் யாரும்மா கேப்பா?"

"அப்பா பேர் எதுக்குப் போட்டீங்க?"

அவர் சிரித்தார். "கேஸு வந்தா என் பேரா நிக்கணும்?" என்றார். அதைச் சொன்ன கையோடு, "இதைப் போட்டுறாதம்மா" என்றார். அதையும் நீ வெட்டாமல் வைத்திருக்கிறாய். இத்தனை வருடம் நான் வெறுத்ததில் அவர் வாயிலிருந்து ஒரு சொல்லைப் பிடுங்க முடியவில்லை. நீ இரண்டு கேள்வியில் பிடுங்கிவிட்டாய்.

ஆனால் அந்த நிமிடத்தில் எனக்கு அது காதில் ஏறவில்லை. அட்டை இல்லை என்று சொன்னாரே, அது மட்டும்தான் ஏறியது. "பொய்! பச்சைப் பொய்! இப்ப காட்டுறேன் பார்" என்று அலமாரியைத் திறந்து, கட்டை அவிழ்த்து, தேடாமலே அந்தத் தாளை உருவி மேஜையில் உன் முன்னால் வைத்தேன். வாசி என்றேன். நீ வாசிக்கவில்லை. அதனால் நானே வாசித்தேன். தளவாய்புரத்தைச் சேர்ந்த சுப்புத்தாய் வெளுக்கும் தொட்டியில் தவறி விழுந்து பலத்த காயம் அடைந்தார், அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுள்ளார், அவர் அங்கு எதற்காகச் சென்றார் என்பது குறித்து விசாரணை நடைபெறுகிறது. அவ்வளவுதான். கீழே என் கையெழுத்து. திருப்பிப் பார்த்தேன். மறுபக்கம் வெறுமையாக இருந்தது. குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். அதில் அட்டை இருக்கிறது, முத்திரை இருக்கிறது, ஊதா மை என்றுகூட எழுதியிருக்கிறேன். குறிப்பேட்டிலிருந்து செய்திக்கு வரும் வழியில் அதை விட்டுவிட்டேன். தாளாளர் முகம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். நாளைக்குத் தொடர்செய்தியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லியிருக்க வேண்டும். பிறகு, எழுதாத வரியை எழுதியதாக, ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் திருத்தமாக, எல்லாரிடமும் சொல்லிவந்திருக்கிறேன். உன்னிடம் சொன்னபோது அது முழுதாக நம்பிக்கையோடுதான் வந்தது. அதனால்தான் உனக்குச் சந்தேகம் வரவில்லை.

நீ தாளைக் கையில் எடுத்து, "ஸ்கேன் பண்ணவாப்பா?" என்று மட்டும் கேட்டாய். பண்ணு என்றேன். அந்தப் பத்தொன்பது நொடியை எடுத்துவிடலாமா என்றும் கேட்டாய். வேண்டாம். அதை அப்படியே வைத்து, அடுத்ததாக இந்தத் தாளைக் காட்டு. பார்க்கிறவர்கள் என்னைப் பார்க்கட்டும்.

வேலாயுதத்தை நான் மன்னிக்கவில்லை. அதை இந்த இதழைப் படிக்கிற எல்லாரும் அறிய வேண்டும். நான் விட்டுவைத்த இடத்தில் ஆலைக்காரர் சொன்னதைக் கொண்டுபோய் வைத்தவர் அவர். தப்பித்துக்கொள்ள என் பெயரைக் கேடயமாகப் பிடித்தவர் அவர். அதை அவரே சொல்லியிருக்கிறார். அவர் பெயர் மூன்றிலும் வரட்டும், ஒன்றில்கூட விட்டுவிடாதே. அவர் அழுது கேட்டாலும் எடுக்காதே. ஆனால் மூன்றிலும் அவர் பெயருக்கு முன்னால் என் பெயர் வர வேண்டும், தந்தை என்பதற்காக அதைக் கீழே தள்ளாதே. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் தளவாய்புரம் போகிறேன். அந்த அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட தாளைக் காளீஸ்வரியிடம் கொடுக்க வேண்டும். அவள் வாங்குவாளா என்று தெரியவில்லை. நீ கூட வர வேண்டாம், கேமராவும் வேண்டாம்.

முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதியிருக்கலாம். செய்யவில்லை. நீயும் அச்சில் அதை மாற்றாதே, நான் எழுதியபடியே வரட்டும். ஐந்தில் நான்கை இன்றும் ஒரு சொல் குறையாமல் சொல்வேன். இரண்டாவதாக எழுதியது தவறு. அவர் எந்த வரியையும் வெட்டவில்லை. அட்டையைப் பற்றி நான் எழுதவே இல்லை.

உன் அப்பா